தொட்டிக்குள் ஒரு சதுப்பு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, ஆளுயரப் புதராக வளரும் ப்ளூபெர்ரியை யாரும் பயிராக வளர்த்து விற்றதில்லை. அது காட்டுப் பழம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தின் தென்பகுதியில் பைன் பேரன்ஸ் என்றொரு பெருங்காடு இருக்கிறது. வெளுத்த மணல், பைன் மரங்கள், தேநீர் நிறத்தில் ஓடும் ஓடைகள், அவற்றின் ஓரமெல்லாம் சதுப்பு. அந்தச் சதுப்போரங்களில் ப்ளூபெர்ரி தானாக முளைத்துத் தானாகக் காய்த்தது. லெனாப்பே பழங்குடியினர் காலங்காலமாகப் பறித்துண்ட பழம் அது. பின்னால் வந்து குடியேறியவர்களும் கோடை பிறந்தால் வாளியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார்கள்.

நன்றாகக் காய்த்த புதரைப் பெயர்த்து வந்து வீட்டுத் தோட்டத்தில் வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. மற்ற செடிகளுக்குச் செய்வது போலவே நல்ல கறுப்பு மண், மக்கிய எரு, ஒரு பிடி சுண்ணாம்பு எல்லாம் இட்டார்கள். செடி மெலிந்தது, இலை வெளிறியது, ஓரிரு ஆண்டில் பட்டுப்போனது. ப்ளூபெர்ரி வீட்டுக்கு வராது என்பதுதான் அன்றைய முடிவு.

இன்று அதே மாநிலத்தில் எடிசன், பிஸ்காட்டவே ஊர்கள் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் தெருக்களில் நடந்தால், வீட்டுக்கு வராது என்ற அதே செடி மரத்தளங்களிலும் பால்கனிகளிலும் தொட்டியில் நிற்பதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் கறிவேப்பிலை, ஒரு பக்கம் மல்லிகை, நடுவில் ப்ளூபெர்ரி. பனிக்காலம் வந்தால் கறிவேப்பிலையும் மல்லிகையும் வீட்டுக்குள் போய்விடும். ப்ளூபெர்ரி மட்டும் வெளியிலேயே நிற்க வேண்டும். குளிரில் உறங்கி எழுந்தால்தான் அது பூக்கும்.

குளிரில் உயிர் பிழைக்கும் இந்தச் செடி கோடையில்தான் தொட்டியில் சாகிறது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தொட்டு, மழையில்லாமல் பத்து நாள் காய்ந்தால், ஒரே வாரத்தில் இலை ஓரம் கருகி நிற்கும் தொட்டிகளை வீட்டுக்கு வீடு காணலாம். தண்ணீர் ஊற்றாதவர்கள் வீட்டில் மட்டுமல்ல, ஊற்றியவர்கள் வீட்டிலும்தான். செடியைக் காட்டிலிருந்து கொண்டுவரக் கற்றுக்கொண்டோம். காட்டில் மண் அதற்குச் செய்த வேலைகளும் செடியோடு நம் கைக்கு வந்துவிட்டன என்பதைப் பலர் அறியவில்லை. அந்த வேலைகள் என்னென்ன, அன்று அவற்றைச் செய்தது எது, இன்று யார், எப்படிச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அடைத்த கதவைத் திறந்தவர்கள்

ப்ளூபெர்ரி ஏன் தோட்டத்தில் சாகிறது என்ற கேள்விக்கு விடை கண்டவர் அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரவியலாளர் ஃப்ரெடரிக் வெர்னன் கோவில். அவர் 1906-இல் ஆய்வைத் தொடங்கி, 1910-இல் முடிவுகளை வெளியிட்டார். சுண்ணாம்பும் வளமும் சேர்ந்த தோட்ட மண்தான் செடியைக் கொல்கிறது, அதற்கு வேண்டியது அமில மண் என்று அவர் நிறுவினார். அந்தக் காலத்து உழவர்களுக்கு அமில மண் என்றால் கெட்ட மண். அதைத் திருத்தத்தான் சுண்ணாம்பே இடுவார்கள். அந்தக் கெட்ட மண்ணை விரும்பி வாழும் செடி இது என்று அவர் சொன்னது பெரிய திருப்பம்.

அந்த ஆய்வில் பெரும்பகுதி தொட்டிகளில்தான் நடந்தது. ப்ளூபெர்ரி தோட்டத்துக்கு வருவதற்கு முன்பே தொட்டிக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். தொட்டியைச் சும்மா வெளியில் வைப்பதைவிட ஈரமணலில் புதைத்து வைத்தால் செடி நன்றாக வளர்கிறது என்பதையும் ஃப்ரெடரிக் அன்றே கண்டார். சுற்றியுள்ள மணல் ஈரத்தைக் காத்தது, காற்றையும் விட்டது. இன்று வெயில் நாளில் தொட்டிச்செடி வாடுவதற்கான மருந்து முக்கால்வாசி இந்த ஒரு குறிப்பில் இருக்கிறது.

பைன் பேரன்ஸில் ஒயிட்ஸ்பாக் என்ற ஊரில் கிரான்பெர்ரிப் பண்ணை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர் எலிசபெத் ஒயிட். 1911-இல் அந்த ஆய்வைப் படித்ததும், தங்கள் நிலத்தில் அதைத் தொடரலாம் என்று ஃப்ரெடரிக்குக்கு எழுதினார். காட்டை அங்குலம் அங்குலமாக அறிந்தவர்கள் அங்கே பழம் பறித்தவர்கள்தாம். அவர்கள் கையில் 16 மில்லிமீட்டர் அளவுள்ள துளையிட்ட கட்டையைக் கொடுத்து, அந்தத் துளையில் நுழையாத பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டினால் காசு தருவதாகச் சொன்னார். புதரைக் கண்டுபிடித்தவரின் பெயரையே அந்தப் புதருக்கும் வைத்தார். 'ரூபெல்' என்ற ரகம் அப்படி வந்தது, இன்றும் நடப்படுகிறது. 1916-இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. இன்று உலகெங்கும் தொட்டியிலும் தோட்டத்திலும் நிற்கும் ஆளுயர வகை ப்ளூபெர்ரிகளின் வம்சம் அந்தக் காட்டுப் புதர்களில் வேர் விட்டது.

சதுப்பு செய்த வேலை

சதுப்பில் வளரும் செடி என்றதும் தண்ணீரில் நிற்கும் செடி என்று நினைத்துவிடக் கூடாது. பைன் பேரன்ஸில் ப்ளூபெர்ரிப் புதர் நிற்பது தண்ணீருக்கு மேல் எழும்பிய திட்டுகளில். பல நூறாண்டு இலையும் பாசியும் மக்கிச் சேர்ந்த திட்டுகள் அவை. சற்றுக் கீழே எப்போதும் நீர் இருக்கும், வேரைச் சுற்றி எப்போதும் காற்று இருக்கும். மேலே பைன் ஊசிகள் மெத்தையாக விழுந்து வெயிலை மறைக்கும். மக்கும் பாசி மண்ணை அமிலமாகவே வைத்திருக்கும். ஈரம், காற்று, அமிலம், குளிர்ச்சி ஆகிய நான்கையும் நிலம் கேட்காமலே கொடுத்தது.

செடி அதற்கேற்ற வேரோடு வளர்ந்தது. ப்ளூபெர்ரியைத் தொட்டியிலிருந்து ஒருமுறை உருவிப் பார்த்தால் இது புரியும். ஆணிவேர் என்று எதுவும் இருக்காது. பழுப்பு நிறத்தில் கலைந்த முடிக்கற்றையாக ஒரு வேர்க்கட்டி இருக்கும். அதன் நுனி வேர்கள் நம் தலைமுடியைவிட மெல்லியவை. பெரும்பாலான செடிகளின் வேரில் நீரை உறிஞ்சும் தூவிகள் உண்டு, இதற்கு அவையும் இல்லை. வேரோடு கூடி வாழும் ஒரு பூஞ்சை ஊட்டத்தைத் தேடித் தருகிறது. ஆழத்தில் நீர் தேடிப் போகும் பழக்கம் இந்த வேருக்கு இல்லை, தேவையும் இருந்ததில்லை. நிலத்தில் நட்ட செடியிலும் வேரில் பெரும்பகுதி மேலாக ஓரடிக்குள் அடங்கிவிடும். தொட்டி காய்ந்தால் வேறெங்கும் போய்க் குடிக்க அதற்கு வழியில்லை.

நூறு ஆண்டில் ரகங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. வடக்கத்தி ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய 800 முதல் 1000 மணி நேரம் வேண்டும். ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் ஷார்ப் 1940-களின் கடைசியிலிருந்து, அந்த மாநிலத்துப் பசுமைமாறாக் காட்டு ப்ளூபெர்ரியோடு இவற்றைக் கலந்து, குளிர் குறைந்த ஊர்களுக்கான தென்னக ரகங்களை உருவாக்கினார். அந்த வழியில் வந்த 'பிலாக்ஸி' போன்ற ரகங்கள்தாம் பெருவின் பாலைவனக் கரையில் காய்த்து, அந்த நாட்டைப் ப்ளூபெர்ரி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தன. இடுப்புயரம்கூட எட்டாத குட்டை ரகங்கள் தொட்டிக்கென்றே வந்துவிட்டன. இலை மாறியது, உயரம் மாறியது, உறக்கத்தின் நேரம் மாறியது. வேர் மட்டும் அதே சதுப்புத் திட்டின் வேராகவே இருக்கிறது. வெயில் தாங்கும் ரகம் என்ற சீட்டை நம்பி வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அந்தத் தாங்கும் சக்தி இலைக்கும் மொட்டுக்கும்தான்.

ஈரமும் காற்றும்

அன்று கீழிருந்து ஊறிய நீர் இன்று மேலிருந்து வருகிறது. வெயில் கொளுத்தும் நாளில் பெரிய செடிக்குத் தினம் ஒருமுறை, சிறிய தொட்டிக்குக் காலை மாலை இருமுறைகூடத் தண்ணீர் வேண்டியிருக்கும். ஆனால் கடிகாரம் பார்த்து ஊற்றுவதைவிடத் தொட்டியைத் தூக்கிப் பார்த்து ஊற்றுவது மேல். நன்றாக நனைந்த தொட்டியின் கனம் கைக்கு ஒருமுறை பழகிவிட்டால் போதும். பெரிய தொட்டியானால் விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர் ஊற்றியும் செடி சாவதற்கான முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. பீட் மாஸ் எனப்படும் மக்கிய சதுப்புப் பாசி அதிகம் சேர்ந்த கலவை முழுக்கக் காய்ந்துவிட்டால் அது தண்ணீரைத் தள்ளத் தொடங்கும். வேர்க்கட்டி சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகி, நடுவே ஒரு விரல் இடுக்கு விழும். குழாயைத் திறந்ததும் நீர் அந்த இடுக்கு வழியாகக் கீழே ஓடி, அடித்துளையில் கொட்டும். ஊற்றியவர் நிறைவோடு உள்ளே போவார். வேர்க்கட்டியின் நடுவே ஒரு சொட்டு ஈரம் இறங்கியிருக்காது. அப்படிப்பட்ட தொட்டியை அரை மணி நேரம் ஒரு பெரிய வாளித் தண்ணீரில் இறக்கி வைக்க வேண்டும். முதலில் குமிழிகள் கொப்பளித்து வரும். அவை அடங்கினால் ஈரம் உள்ளே போய்விட்டது என்று பொருள். பிறகு எடுத்து நன்றாக வடியவிட வேண்டும்.

வடியவிடுவதை அழுத்திச் சொல்கிறேன். வெயிலுக்குப் பயந்து, அடித்தட்டில் எப்போதும் தண்ணீரைத் தேக்கி வைப்பவர்கள் உண்டு. சதுப்புத் திட்டில் நீருக்கு மேலே காற்று இருந்தது. தேங்கிய தட்டில் காற்றுக்கு இடமில்லை, வேரழுகல் வந்துவிடும். வெயிலில் வாடிய செடியும் வேர் அழுகிய செடியும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். அதனால் இலையைப் பார்த்து ஊற்றாமல் கலவையைத் தொட்டுப் பார்த்து ஊற்ற வேண்டும். சொட்டுநீர் வைத்திருப்பவர்கள் ஒரு தொட்டிக்கு ஒரே சொட்டுவானோடு நிறுத்திவிடக் கூடாது. பைன் பட்டை கலந்த தளர்ந்த கலவையில் நீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழிறங்கும். இரண்டு மூன்று இடத்தில் சொட்டினால்தான் வேர்க்கட்டி முழுதும் நனையும்.

குழாய்த் தண்ணீரின் மறைந்த கணக்கு

அன்று மண்ணை அமிலமாக வைத்திருந்தது பாசியும் மழையும். ப்ளூபெர்ரிக்கு மண்ணின் அமில அளவு, அதாவது பிஹெச், 4.5-க்கும் 5.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். இன்று கோடையில் தொட்டிக்குப் போவது பெரும்பாலும் குழாய்த் தண்ணீர். குழாய்கள் அரிக்காமலிருக்க நகரக் குடிநீரைச் சற்றுக் காரமாகவே வைப்பார்கள். பல ஊர்களில் அதில் சுண்ணாம்புச் சத்தும் கரைந்திருக்கும். ஒரு நாள் ஊற்றுவதில் எதுவும் தெரியாது. மழையில்லாத இரண்டு மாதம் தினமும் ஊற்றினால், அன்று தோட்டத்தில் ஒரு பிடி சுண்ணாம்பு இட்டவர் செய்ததையே நாமும் சிறுகச் சிறுகச் செய்துவிடுகிறோம்.

அதன் அடையாளம் புதுத் தளிரில் தெரியும். நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் வரும். பசிதான் என்று எண்ணி உடனே உரத்தை அள்ளிப் போடுவார்கள். கலவையில் இரும்பு இருக்கும், காரம் ஏறியதால் செடியால் அதை எடுக்க முடியாது. உரம் உப்பைத்தான் கூட்டும். காயும் தொட்டியில் அந்த உப்பு செறிந்து இலை ஓரத்தைக் கருக்கும். வெப்ப அலை நாட்களில் உரம் வேண்டவே வேண்டாம். கூரை நீரை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்திருந்தால் ப்ளூபெர்ரிக்கு அதையே முதலில் கொடுக்கலாம். குழாய்த் தண்ணீரைத்தான் நம்பியிருக்கிறோம் என்றால், அவ்வப்போது அடியில் தாராளமாக வடியும் வரை ஊற்றி உப்பைக் கழுவிவிட வேண்டும். வசந்தத்தில் பிஹெச் சோதித்துப் பார்த்துக் கந்தகத்தூள் சேர்க்க வேண்டும். கந்தகம் மண்ணின் நுண்ணுயிரிகளால் மெல்ல மெல்லத்தான் அமிலமாகும், அதற்கு மாதங்கள் வேண்டும். ஆகஸ்டில் மஞ்சளைப் பார்த்த பிறகு போட்டால் அந்த ஆண்டுக்கு உதவாது.

வேருக்கு நிழல்

செடிக்கு வெயில் வேண்டும், வேருக்கு வேண்டாம். காட்டில் இரண்டும் ஒன்றாகக் கிடைத்தன. ப்ளூபெர்ரி வேர் நன்றாக வளர்வது 14 முதல் 18 டிகிரி குளிர்ச்சியில். மேற்கு வெயிலில் நிற்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் சுவரோரக் கலவை 40 டிகிரியைத் தாண்டிவிடும். செடியின் இளவேர்கள் பெரும்பாலும் அந்தச் சுவரோரத்தில்தான் இருக்கும், அவைதாம் முதலில் வேகும்.

வேரைக் குளிர்விக்க வழிகள் எளியவை. வெளிர் நிறத்தில், 40 முதல் 60 லிட்டர் கொள்ளும் பெரிய தொட்டி வளர்ந்த செடிக்கு ஏற்றது. கலவை கூடினால் சூடும் மெதுவாகத்தான் ஏறும், ஈரமும் மெதுவாகத்தான் போகும். ஒரு தொட்டியை அதைவிடப் பெரிய தொட்டிக்குள் இறக்கி இடைவெளியில் மணலோ மரப்பட்டையோ நிரப்பினால் ஃப்ரெடரிக் செய்த மணல் படுக்கையே திரும்ப வந்துவிடும். மேலே இரண்டு மூன்று அங்குலம் பைன் பட்டையோ பைன் ஊசியோ மூடாக்காகப் போட வேண்டும். தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. கொதிக்கும் வாரங்களில் காலை வெயில் விழும் கிழக்குப் பக்கத்துக்குத் தொட்டியை நகர்த்தலாம். முடியாவிட்டால் பிற்பகலில் 30 விழுக்காடு நிழல்வலை கட்டலாம். 30 டிகிரிக்கு மேல் இலை தன் உணவைத் தயாரிப்பதையே குறைத்துக்கொள்கிறது. அந்நேரத்து வெயிலை மறைப்பதால் பழத்துக்கு நட்டமில்லை, சூட்டில் அது கூழாகாமலும் இருக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து வந்த மண்

மண்ணும் மாறிவிட்டது. அன்று சதுப்பிலிருந்து பீட் எடுத்து மணலோடு கலந்தார்கள். பீட் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும், தோண்டினால் அதில் அடைந்திருக்கும் கரிமம் கரியமிலவாயுவாக வெளியேறும். அதனால் அதைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்து, பண்ணைகளும் வீட்டுத் தோட்டக்காரர்களும் தேங்காய் நார்க்கழிவான கோகோபீட்டுக்கு மாறிவருகிறார்கள். அது பெருமளவில் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போகிறது. பொள்ளாச்சி அதன் பெருஞ்சந்தை.

பக்கத்து வீட்டுக்குக் கோடையில் மகனைப் பார்க்க வந்திருந்த பெரியவர் ஒருவர் பொள்ளாச்சிக்காரர், தென்னந்தோப்பு வைத்திருப்பவர். என் தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

“ஏங்கண்ணு, இது நம்மூர்த் தேங்கா நார்க்கழிவுதானே?”

“ஆமாங்கய்யா. அங்கிருந்துதான் கட்டியா வருது.”

“அப்பெல்லாம் மில்லுக்கு முன்னால மலையாட்டம் குமிஞ்சு கெடக்கும். அள்ளிக்கிட்டுப் போக ஆளிருக்காது. தீப்புடிச்சா நாள் கணக்குல பொகையும்.” பக்கத்துத் தொட்டியை இரு கையாலும் தூக்கிப் பார்த்தார். “இது காஞ்சு போச்சு பாரு. தென்னைக்கு மட்டை பொதைக்கறமே, எதுக்கு? மழை போனதுக்கப்புறமும் வேர்ல ஈரம் நிக்கறதுக்குத்தான். இந்தச் செடிக்கும் அதானே வேணும்?”

ப்ளூபெர்ரியை அவர் அதற்கு முன் செடியாகப் பார்த்ததில்லை. ஆனால் வறட்சியில் வேரைக் காப்பது எப்படி என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தவர். உள்பக்கம் மேலே பார்க்கத் தேங்காய் மட்டையைத் தென்னையைச் சுற்றிப் புதைக்கும் வழக்கமும், மணலில் தொட்டியைப் புதைத்த ஆய்வும் ஒரே அறிவிலிருந்து வந்தவை.

கோகோபீட்டின் நல்ல குணம், காய்ந்தாலும் மறுபடி எளிதில் ஈரம் பிடிப்பது. வெயில் ஊர்த் தொட்டிக்கு இது பெரிய துணை. குறையும் உண்டு. பீட் அளவுக்கு அது அமிலமில்லை, பிஹெச் ஏறக்குறைய 6. அதனால் பாதி பைன் பட்டை, மீதியில் கோகோபீட்டும் கொஞ்சம் பீட்டும் பெர்லைட்டும் என்று கலப்பது நல்லது. கழுவாத கோகோபீட்டில் உப்பு இருக்கும், நன்றாகக் கழுவிப் பதப்படுத்தியதையே வாங்க வேண்டும்.

அந்த உப்பைக் கழுவும் தண்ணீர் பொள்ளாச்சித் தண்ணீர். கழுவிய நீர் நிலத்தடி நீரைக் கெடுப்பதாக அப்பகுதி மக்கள் முறையிட்டு வந்தார்கள். 2021-இல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நார் ஆலைகளை மாசு குறைந்த வெள்ளைப் பட்டியலிலிருந்து ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது. குப்பையாகக் கிடந்தது கப்பலேறியதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரு தொட்டி கோகோபீட்டுக்குப் பின்னால் நம் ஊரின் தண்ணீர் செலவாகியிருக்கிறது. அதில் வைத்த செடியைக் கவனக்குறைவால் காயவிட்டுத் தூக்கியெறிவது அந்தத் தண்ணீரையும் சேர்த்து எறிவதுதான்.

பழம் முடிந்த பிறகு

கடைசியாக ஒன்று. காட்டுக்கும் தொட்டிக்கும் உள்ள பெரிய வேறுபாடு ஜூலைக்குப் பிறகுதான் தெரிகிறது. பழம் பறித்தவர்கள் காட்டை விட்டுப் போன பின்னும் சதுப்பு புதருக்கு நீர் தந்துகொண்டே இருந்தது. வீட்டிலோ, பழம் தீர்ந்ததும் தொட்டியின் மேல் இருந்த கண் போய்விடும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம், பள்ளி திறக்கிறது, தண்ணீர் தினசரியிலிருந்து நினைத்தபோது என்றாகிவிடுகிறது. ஆனால் கோடையின் கடைசியிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும்தான், பகல் குறையக் குறைய, ப்ளூபெர்ரி அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகளைக் கட்டுகிறது. அப்போது வாடிய செடி மறுவசந்தத்தில் குறைவாகத்தான் பூக்கும்.

2024-இல் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முடியும்வரை நியூ ஜெர்சியில் மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யவில்லை. நவம்பரில் மாநில அரசு வறட்சி எச்சரிக்கை விடுத்தது. இலையுதிர்காலமென்றால் குளிரும் ஈரமும் என்று பழகிய ஊரில், தொட்டிகளை யாரும் நினைக்காத மாதத்தில் அந்த வறட்சி வந்தது. இனி வெயில்காலம் ஜூன் முதல் ஆகஸ்டு வரை என்று கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

பழம் தொங்கும் செடிக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவார்கள். பழமும் இல்லாமல், இலையும் சிவக்கத் தொடங்கிய செடியை அக்டோபரில் தூக்கிப் பார்த்து, கனம் குறைந்திருந்தால் ஊற்றுகிறவர்தான் சதுப்பின் வேலையை முழுதாக ஏற்றுக்கொண்டவர். அவர் வீட்டில் மறு ஜூலையிலும் பழம் இருக்கும்.